ஆக்டிவ் லேர்னிங்: எதை அந்தப் பெயரால் அழைப்பது, எதை அளப்பது?

மின்னல்கொடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பகுதிநேர பிஎச்.டி. பதிவு செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலாமாண்டு பி.எஸ்சி. மாணவிகளுக்கு இயக்கவியலை ஆக்டிவ் லேர்னிங் முறையில் நடத்தினால் புரிதல் கூடுகிறதா என்பதுதான் என் தலைப்பு.

போன வாரம் டாக்டரல் கமிட்டி. பத்து ஸ்லைடு தயார் செய்து கொண்டுபோனேன். இரண்டாவது ஸ்லைடைத் தாண்டவே இல்லை. "ஆக்டிவ் லேர்னிங் என்றால் என்ன, ஒரு வரியில் சொல்லுங்கள்" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். 1991ல் பான்வெல், ஐசன் இருவரும் கொடுத்த விளக்கத்தைச் சொன்னேன்: மாணவர் ஏதாவது செய்ய வேண்டும், செய்வதைப் பற்றி யோசிக்கவும் வேண்டும். அவர் உடனே, "நான் போர்டில் டெரிவேஷன் போடுகிறேன். மாணவி அதை எழுதுகிறாள், எழுதும்போதே யோசிக்கிறாள். அப்படியானால் நான் முப்பது வருஷமாக நடத்துவதும் ஆக்டிவ் லேர்னிங்தானா?" என்றார். அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2014ல் ஃப்ரீமன் குழு வெளியிட்ட தொகுப்பாய்வைத்தான். 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வெறும் விரிவுரை வகுப்பில் 33.8 சதவீதம் பேர் தோற்கிறார்கள், ஆக்டிவ் லேர்னிங் வகுப்பில் 21.8 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அவர்கள் வரையறையை எப்படி உருவாக்கினார்கள் என்று தேடினால், கருத்தரங்குகளுக்கு வந்த 338 பேரிடம் "நீங்கள் இதை எப்படி வரையறுப்பீர்கள்" என்று எழுதி வாங்கித் தொகுத்திருக்கிறார்கள். அந்தக் குடைக்குள் எப்போதாவது ஒரு குழுக் கணக்குப் போடச் சொன்ன வகுப்பும் இருக்கிறது, மேசை நாற்காலி அமைப்பையே மாற்றி முழுக்கப் பட்டறைபோல நடத்திய வகுப்பும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? அடுத்த கூட்டத்துக்குள் எனக்குத் தெளிவு வேண்டும். உதவுங்கள்.

கரும்பலகை_டீச்சர் எழுதியது:

மின்னல்கொடி மேடம், நான் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் உங்களிடம் கேட்ட அதே கேள்வி எங்களிடமும் வந்தது, நாங்களும் பதில் சொல்லவில்லை.

2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியில் அட்டைகளை வைத்துக் கிராமப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் அதற்கு மூலம். 2007-08ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை வந்துவிட்டது. பாய், அட்டை, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படி அட்டவணை, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. பிள்ளை தானே ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, தானே அட்டையை எடுத்து வந்து உட்காரும். நான் அந்த முறையை மனதார விரும்பினேன், இன்றும் விரும்புகிறேன். பயந்து பயந்து வந்த பிள்ளைகள் அந்த வகுப்பறைக்குள் தங்கள் வீடுபோல நடமாடினார்கள்.

ஒரு நாள் பார்வைக்கு ஒருவர் வந்திருந்தார். இரண்டாம் வகுப்பு, கழித்தல் அட்டை, 23லிருந்து 7. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டும் உதிரிக் குச்சியும் கொடுத்திருந்தோம். ஒரு பையன் கை ஓயாமல் குச்சிகளை அடுக்குகிறான், கலைக்கிறான், மறுபடி அடுக்குகிறான். கடைசியில் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து 16 என்று எழுதினான். அவனுக்கு எதிரே ஒரு பெண்பிள்ளை. கையை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. வந்தவர் தன் படிவத்தில் பையனுக்கு "ஈடுபாடு உள்ளது", அவளுக்கு "ஈடுபாடு இல்லை" என்று குறித்தார். அவர் போன பிறகு அவளிடம் கேட்டேன், என்ன கண்ணு யோசிக்கிறாய் என்று. "மூணு குச்சிதான் டீச்சர் தனியா இருக்கு. கட்டை அவுக்காம எப்படி ஏழு எடுக்கிறதுன்னு பாக்குறேன்" என்றாள்.

கடன் வாங்கிக் கழிப்பதன் மொத்த சூட்சுமமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. படிவத்தில் அதைக் குறிக்க இடமே இல்லை.

தரவுத்தம்பி எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்னதைத்தான் மிஷெலின் சீ என்ற ஆய்வாளர் ஒரு சட்டகமாகவே கொடுத்திருக்கிறார். அவர் நான்கு படி சொல்கிறார். சும்மா கேட்பது ஒன்று. கையால் செய்வது, அடிக்கோடு போடுவது, போர்டில் இருப்பதை அப்படியே எழுதுவது இரண்டு. கொடுத்ததைத் தாண்டித் தானாக ஒன்றை உருவாக்குவது, அதாவது தன் சொல்லில் விளக்குவது, கேள்வி எழுப்புவது மூன்று. அப்படி உருவாக்குகிற இரண்டு பேர் பேசிப் பேசி ஒருவர் கருத்தின்மேல் இன்னொருவர் கட்டுவது நாலு. மேலே போகப் போகக் கற்றல் ஆழமாகும் என்பது அவர் வாதம்.

மின்னல்கொடி மேடம், உங்கள் பேராசிரியருக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. டெரிவேஷனைப் பார்த்து எழுதுவது இரண்டாம் படி. "இந்த இடத்தில் ஏன் உராய்வை விட்டுவிட்டோம்" என்று மாணவி ஓரத்தில் எழுதினால் அது மூன்றாம் படி. ஒரே வகுப்பு, ஒரே நிமிஷம், பக்கத்துப் பக்கத்து மாணவிகள். ஆக, ஆக்டிவ் என்பது வகுப்புக்கு ஒட்டுகிற லேபிள் இல்லை. அந்தந்த மாணவி அந்தந்த நேரத்தில் என்ன செய்கிறாள் என்பதைப் பொறுத்தது.

கஷ்டம் எங்கே என்றால், மூன்றாம் படியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அதற்குச் சாட்சி.

பொன்னி_கரை எழுதியது:

நான் பொறியியல் கல்லூரியில் இருக்கிறேன். எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே அலுப்பாக இருக்கிறது, காரணத்தையும் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு ஆக்டிவ் லேர்னிங் நிகழ்வு காட்ட வேண்டும், போட்டோவோடு கோப்பில் வைக்க வேண்டும். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துப் படம் எடுத்துவிட்டு, வரிசையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன், வருத்தத்தோடுதான் சொல்கிறேன். இன்னும் பத்து வருஷம் கழித்து யாராவது எங்கள் கோப்புகளை வைத்து "ஆக்டிவ் லேர்னிங்கால் பயனில்லை" என்று ஆய்வு எழுதினால் அதற்கு என்ன பொருள்?

அப்புறம், அந்த ஃப்ரீமன் குழுவின் புள்ளிவிவரத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு முறையை நேசித்து, அதிலேயே ஊறி, அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற ஆசிரியர்தான் அந்த வகுப்பையும் நடத்துகிறார். அவர் எதைச் செய்தாலும் நன்றாகத்தான் நடத்துவார்.

தரவுத்தம்பி எழுதியது:

பொன்னி மேடம் சொன்ன சந்தேகத்தை நேரடியாகச் சோதித்த ஒரு ஆய்வு இருக்கிறது. 2011ல் ஆண்ட்ரூஸ் குழு, கல்வி ஆய்வில் ஆர்வமுள்ளவர்களைத் தேடிப் போகாமல், அமெரிக்கக் கல்லூரிகளின் அறிமுக உயிரியல் வகுப்புகளை எழுந்தமானமாக, அதாவது சீட்டுக் குலுக்குவதுபோலத் தேர்ந்தெடுத்தது. இயற்கைத் தேர்வு என்ற ஒரு பாடத்தை மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்று முன்னும் பின்னும் தேர்வு வைத்தார்கள். ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை ஆக்டிவ் லேர்னிங் பயிற்சி கொடுத்தார் என்பதற்கும் கற்றலுக்கும் தொடர்பே தெரியவில்லை. தேர்ந்த கைகளில் பலன் தருகிற முறை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவர்களிடம் அதே பலனைத் தரவில்லை. முறை பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எண்ணிக்கையை எண்ணினால் போதாது என்றுதான் அர்த்தம்.

இயக்கவியல் புரிதலை முன்னும் பின்னும் தேர்வு வைத்து அளந்த, இயற்பியல்காரர்களுக்குப் பழக்கமான ஹேக்கின் 1998 ஆய்வையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 62 பாடவகுப்பு, 6,542 மாணவர்கள். விரிவுரை வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23, ஊடாடும் வகுப்புகளுக்கு 0.48. ஈட்டம் என்பது, முன்தேர்வில் நூற்றுக்கு 40 வாங்கிய வகுப்பு பின்தேர்வில் 70 வாங்கினால், கூடியது 30, கூடியிருக்கக்கூடியது 60, ஆக 0.5. அழகான கணக்கு. ஆனால் அந்தத் தரவைப் பெரும்பாலும் ஆசிரியர்களே முன்வந்து அனுப்பினார்கள். சரியாக வராத வகுப்பின் மதிப்பெண்ணை எத்தனை பேர் உற்சாகமாக அனுப்பியிருப்பார்கள்?

வடமராட்சியான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கணித ஆசிரியன். கரும்பலகை டீச்சர் சொன்ன கதையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையில் 2007ல் தரம் 6, தரம் 10 பாடத்திட்டத்தோடு ஐந்து-ஈ முறை வந்தது. ஆங்கிலத்தில் ஈ எழுத்தில் தொடங்கும் ஐந்து கட்டங்கள். ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். பிள்ளைகள் குழுவாக இருந்து கண்டுபிடிக்க வேணும், ஆசிரியர் வழிகாட்ட வேணும். யோசனை நல்லது. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில் ஐந்து கட்டத்தையும் முடிக்க வேணும் என்று நாங்கள் விளங்கிக்கொண்டபோதுதான் சிக்கல் வந்தது. ஆராய்தல் சூடுபிடிக்கிற நேரத்தில் மணி அடிக்கும். அடுத்த நாள் முதலில் இருந்து தொடங்க வேணும். தவணைப் பரீட்சையோ பழைய மாதிரியே.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஒரு பிள்ளை மூன்று பாடவேளை எடுத்துத் தானாகக் கண்டுபிடித்த ஒன்றை, பழைய பாணிப் பரீட்சை ஒரு புள்ளி, இரண்டு புள்ளியால் அளந்தால், நாங்கள் அளந்தது எதை?

தரவுத்தம்பி எழுதியது:

வடமராட்சியான் சார், அதுவும் பெரிய சண்டைதான். 2006ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும், வழிகாட்டல் குறைந்த கண்டுபிடிப்பு முறை புதிதாகக் கற்பவருக்கு உதவாது, மூளையின் தற்காலிக நினைவுக்குள் அடங்காத சுமையாகிவிடும் என்று எழுதினார்கள். எதிர்த்தரப்பு, "நாங்கள் சொல்வது வழிகாட்டல் இல்லாத கற்றலே இல்லை" என்றது. கூர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே சொல்லால் வேறுவேறு வகுப்பறையைச் சொல்கிறார்கள். ஐந்து கட்டத்தையும் ஓட்டமாக முடித்த வகுப்பு இவர்கள் எதிர்த்ததும் இல்லை, அவர்கள் ஆதரித்ததும் இல்லை.

கரும்பலகை_டீச்சர் எழுதியது:

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரிலேயே இந்தக் குழப்பம் பெயரில் தொடங்கியது. சின்ன வகுப்புக்கு ஆக்டிவிட்டி பேஸ்டு லேர்னிங் வந்தது, தமிழில் செயல்வழிக் கற்றல் என்றார்கள். மேல் வகுப்புக்கு வந்ததுதான் ஆக்டிவ் லேர்னிங் மெத்தடாலஜி. அதைப் படைப்பாற்றல் கல்வி என்றார்கள். படிப்பது, மனவரைபடம் வரைவது, தொகுப்பது, கூடிப் பேசுவது என்று போகும். ஆக்டிவ் என்பது ஒரு வகுப்பில் செயல், அடுத்த வகுப்பில் படைப்பாற்றல்! பயிற்சிக்குப் போன ஆசிரியர்கள் சிலர், பிள்ளைகள் கதை கவிதை எழுத வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள். சிலருக்கு மனவரைபடம் மட்டும் நினைவில் நின்றது. ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் நாள் போர்டில் இருந்த மனவரைபடத்தை வண்ணப் பென்சிலால் நோட்டில் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். தம்பி சொன்ன இரண்டாம் படி.

இன்னொன்று. செயல்வழிக் கற்றல் பலன் கொடுத்ததா என்று இன்றுவரை என்னிடம் கேட்கிறார்கள். எல்லா அரசுப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் வந்துவிட்டது. எதோடு ஒப்பிடுவது? தனியார் பள்ளியோடு ஒப்பிட்டால் வீடு வேறு, காசு வேறு. பழைய வருஷத்தோடு ஒப்பிட்டால் அதே காலத்தில் புதுக் கட்டடம் வந்தது, பயிற்சி வந்தது, 2012-13ல் முப்பருவ முறையும் வந்து பாடப்புத்தகமே மூன்றாகப் பிரிந்தது. எது எதைச் செய்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? 13 பள்ளியில் தொடங்கி மாநகராட்சியின் 264 பள்ளிக்கும் போனார்களே, அந்த இடைவெளியில் நின்று நிதானமாக அளந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2022ல் வந்தது. மறுபடி எல்லாப் பள்ளியிலும் ஒன்றாக.

மின்னல்கொடி எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன், அதை வைத்து வழி சொல்லுங்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் என்ன? மூன்று வண்ண அட்டை கொடுத்து, தனித்தனியாகத் தூக்கச் சொன்னேன். 46 பேரில் 29 பேர் சுழி என்று தவறாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் பேசச் சொன்னேன். நான் மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பந்து அங்க நின்னுடுதுல்ல, அப்ப முடுக்கம் எப்படிடி இருக்கும்?"

"நின்னது சரி. முடுக்கமும் இல்லேன்னா அங்கயே நிக்கணும்ல? ஏன் கீழ வருது?"

கேட்டவள் அப்படியே அமைதியாகிவிட்டாள். பேனாவை உயரே பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். முந்தின வருஷம் இதே பாடத்தை இருபது நிமிஷம் விளக்கியும் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

மறுபடி அட்டை தூக்கியபோது சுழி என்றவர்கள் 11 பேர்தான். சந்தோஷப்பட்டேன். ஆனால் வகுப்பு முடிந்து ஜன்னல் ஓர பெஞ்சில் கேட்டால், நாலு பேரும், "அவ ஃபர்ஸ்ட் மார்க் மேடம், அவ பச்சை தூக்கினா, நாங்களும் தூக்கிட்டோம்" என்கிறார்கள். மூன்றாவது பெஞ்சும் ஜன்னல் ஓர பெஞ்சும் என் தாளில் ஒரே மாதிரி பதிவாகியிருக்கிறது.

தரவுத்தம்பி எழுதியது:

மேடம், உங்கள் ஆய்வு இதோ இந்த இரண்டு பெஞ்சுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் இதைச் செய்து 2009ல் வெளியிட்டார்கள். முதல் கேள்வி தனியாக. பிறகு விவாதம், அதே கேள்வி மறுபடி. அப்புறம் விடையைச் சொல்லாமலே, அதே கருத்தைச் சோதிக்கிற வேறு ஒரு கேள்வி, பேசாமல் தனியாக. பக்கத்தில் பார்த்து மாற்றியவர் மூன்றாவதில் தடுமாறுவார். புரிந்து மாற்றியவர் நிற்பார். அங்கே மூன்றாவது கேள்வியிலும் முன்னேற்றம் நின்றது, குழுவில் யாருக்குமே முதலில் விடை தெரியாத இடங்களிலும்கூட. உங்களுக்கு இரண்டாவது கேள்வியாக, ஊசலின் ஓர எல்லையில் அந்த நொடியில் முடுக்கம் உண்டா என்று கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மாணவிகளிடம் "இந்த முறையில் நன்றாகக் கற்றீர்களா" என்று கருத்துப் படிவம் கொடுத்து அதையே முடிவாக்கிவிடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் 2019ல் வெளியான ஆய்வில், ஆக்டிவ் வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாக வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதுபோலத் தோன்றும். பேனாவைப் பிடித்துக்கொண்டு திணறுகிறவளுக்கு அப்படித் தோன்றாது.

இரண்டு, உங்கள் கல்லூரியில் நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 50 பேர் என்றால் 200 பேர் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே ஆசிரியர், ஒரே மின்வெட்டு, ஒரே கலகலப்பு. அவர்கள் மதிப்பெண்களுக்குள் இருக்கும் ஒற்றுமையை, ஒன்று என்றால் முழு ஒற்றுமை என்ற அளவில், 0.1 என்று வைத்தாலே, 200 பேரின் தகவல் ஏறக்குறைய 34 பேரின் தகவலுக்குத்தான் சமம். நம் பக்கத்தில் வருகிற நிறைய ஆய்வேடுகள் விழுவது இங்கேதான்.

பொன்னி_கரை எழுதியது:

நான் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருந்தது. அந்த மூன்றாவது பெஞ்சு உரையாடல் எனக்கு வேண்டியிருந்தது. மின்னல்கொடி, ஆய்வுத் தலைப்பிலிருந்து ஆக்டிவ் லேர்னிங் என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். "தனிவாக்கு, சகமாணவி விவாதம், மறுகேள்வி" என்று நீங்கள் செய்ததையே தலைப்பாக வையுங்கள். எத்தனை நிமிஷம் பேசவிட்டீர்கள், யாரோடு பேசினார்கள், நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள், விடையை எப்போது சொன்னீர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்படி எழுதினால் நான் என் வகுப்பில் அதை அப்படியே செய்துபார்க்க முடியும். போட்டோவுக்காக இல்லாமல்.

வடமராட்சியான் எழுதியது:

பொன்னி மிஸ் சொன்னதை வழிமொழிகிறேன். நானும் திரிகோண கணிதத்தில் செய்து பார்க்கிறேன். ஒரே கேள்வி, ஒரே நேர அளவு.

மின்னல்கொடி எழுதியது:

தலைப்பை மாற்ற என் கைடு ஒத்துக்கொண்டார். வகுப்பைப் பதிவு செய்யக் காபஸ் என்ற படிவத்தை எடுத்திருக்கிறேன். 2013ல் வந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம், ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவிகள் என்ன செய்கிறார்கள் என்று 25 குறிகளில் டிக் அடிக்க வேண்டும். "நன்றாக நடத்தினார்" மாதிரியான தீர்ப்பெல்லாம் அதில் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இரண்டாவது ஆள் இல்லை.

கரும்பலகை_டீச்சர் எழுதியது:

நான் வருகிறேன் மேடம். எனக்கு இயற்பியல் தெரியாது, பிள்ளைகளைப் பார்க்கத் தெரியும்.

மின்னல்கொடி எழுதியது:

டீச்சர், மாணவிகளிடம் ஒப்புதல் வாங்கிப் பின்பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவை அனுப்பினேன் அல்லவா, நாம் இருவரும் குறித்த முதல் பன்னிரண்டு நிமிஷத்தை இன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆசிரியர் பக்கம் முழுக்க ஒத்துப்போகிறது. மாணவிகள் பக்கம் ஒரே ஒரு இடத்தில்தான் வேறுபடுகிறோம். ஆறாவது நிமிஷம் முதல் எட்டாவது நிமிஷம் வரை, வகுப்பே அமைதியாக இருக்கிறது. நான் "காத்திருத்தல்" என்று குறித்திருக்கிறேன். நீங்கள் "தனியாக யோசித்தல்" என்று குறித்திருக்கிறீர்கள். நாளை சாயங்காலம் போனில் பேசலாமா? எதைப் பார்த்து அப்படிக் குறித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.